மூன்று மணிக்கு மூழ்கும் எலுமிச்சை

அன்னூரில் அவிநாசி ரோட்டில் மோட்டார், பைப் கடை வைத்திருக்கும் கந்தப்பன் கெட்டவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனி சொல்லப்போவதைக் கேட்டால் அப்படித் தோன்றாது. ஊரில் ஒரு சாவு என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பவர். பயிர் வாடுகிறது என்று ஒரு தோட்டத்துக்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்தால், பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லாமல் மோட்டாரை வண்டியில் ஏற்றிவிடுவார். ஏற்றிவிட்டு, அந்த மனிதர் போகிற திக்கையே பார்த்துக்கொண்டு, இவன் நிஜமாகவே தோட்டத்துக்காரன்தானா என்று யோசிப்பார்.

பூட்டைப் பூட்டினால் தொங்கி இழுத்துப் பார்ப்பார். பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். கல்யாண மண்டபத்தில் ஒரு செருப்பை ஒரு மூலையிலும் மற்றொன்றை எதிர் மூலையிலும் கழற்றிவிடுவார். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒரு மருந்துக் கடையில் வாங்கி, அடுத்த மருந்துக் கடையில் காட்டி, இது அதுதானா என்று கேட்பார். காப்பியோ மோரோ, யார் நீட்டினாலும் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்காமல் வாயில் வைக்கமாட்டார். மாமியார் வீட்டு முதல் விருந்தில் பாயசத்தையே மோந்து பார்த்த மாப்பிள்ளை என்று அவருக்கு இன்றும் பெயர் உண்டு.

இப்படி ஆனதற்குக் காரணம் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அவரை யாரும் பெரிதாக ஏமாற்றியதில்லை. ஏமாற்ற அவர் இடம் கொடுத்தால்தானே.

இத்தனை சந்தேகத்துக்கு நடுவில் ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. கடையில் பில் போடும் அன்புச்செல்வி. கந்தப்பனின் அப்பா தோட்டத்தில் காலமெல்லாம் மண்வெட்டி பிடித்த சின்னானின் மகள். கல்யாணத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை கேட்டு வந்தபோது, முதல் வருஷம் முழுக்க அவளைச் சோதித்தார். மேஜைக்கடியில் மோதிரத்தை நழுவ விடுவார். செம்புக் கம்பிச் சுருளை வாசலில் மறந்ததுபோல் வைத்துவிட்டுப் போவார். எல்லாம் மறுநாள் காலையில் அவர் மேஜைமேல் இருக்கும். ஒருநாள் அவள் மோதிரத்தை நீட்டியபடி, "இது அடிக்கடி உழுகுதுங்கண்ணா, வெரல் எளைச்சுப்போச்சாட்ட இருக்குது" என்று சிரிக்காமல் சொன்னாள். கந்தப்பனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அடுத்த வாரம் கடையின் இரண்டாவது சாவியை அவளிடம் கொடுத்தார்.

அதை அவர் மனைவி நாச்சியம்மாளாலேயே நம்ப முடியவில்லை. வீட்டு பீரோ சாவியை அவளிடம்கூட முழுதாகக் கொடுத்தவரில்லை அவர். அன்புச்செல்வி வேலைக்கு வந்து பன்னிரண்டு வருஷம்; சாவி கைக்கு வந்ததிலிருந்து காலையில் ஷட்டரைத் தூக்குவது அவள்தான். ஐந்து மணிக்கு, "வாரேனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போவாள். கந்தப்பன் வெளியே போகிற நாளில் கடையைப் பூட்டுவதும் அவள்தான்; அவள் பூட்டிய பூட்டை மட்டும் அவர் இழுத்துப் பார்த்ததில்லை. இந்த உலகத்தில் அவர் நிம்மதியாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

தை மாதம் புது வீடு குடிபோனார்கள். அன்புச்செல்வி மகள் இனியாவோடு வந்திருந்தாள். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, "ஊடு கண்ணுலயே நிக்குதுங்கண்ணா" என்றாள். வந்தவர்கள் எல்லோரும் சொன்னதுதான். பத்து நாளில் நாச்சியம்மாள் புது டைல்ஸில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். அந்த வாரமே புது போர்வெல்லில் இறக்கிய மோட்டார் கருகியது. ஊருக்கெல்லாம் மோட்டார் விற்பவர் வீட்டு மோட்டார். எண்ணெய் தடவினமாதிரி பளபளக்கிற டைல்ஸைத் தேர்ந்தெடுத்தது அவரேதான் என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

பைப் கம்பெனி ஏஜென்ட் ஒருவர்தான் சொன்னார். கண் பட்டிருக்கிறது, கல்லா மேஜையில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஓர் எலுமிச்சங்காயைப் போட்டு வையுங்கள் என்று. மிதந்தால் பயமில்லை. மூழ்கினால், அந்த நேரத்தில் யாருடைய கண்ணோ விழுகிறது என்று அர்த்தம். கோயமுத்தூர்ப் பக்கம் பாதிக் கடைகளில் இருக்கிற டம்ளர்தான் அது. மற்றவர்கள் போட்டு வைத்துவிட்டு மறந்துபோவார்கள். கந்தப்பன் மறக்கிற ஆளா?

சந்தைக் காயை அவர் நம்பவில்லை. தோட்டத்து மரத்திலிருந்து தானே பறித்துவந்தார். வாரத்துக்கு ஒரு காய். காலையில் வந்ததும் ஒரு தடவை, மத்தியானம் சாப்பிட்டுத் திரும்பியதும் ஒரு தடவை, பின்பக்கக் குழாயிலிருந்து பிளாஸ்டிக் மக்கில் பிடித்துவந்து தண்ணீரை மாற்றுவார். இந்த வேலையை யாரிடமும் விடவில்லை. அவர் மரத்துக் காய் சாறு நிறைந்த கனத்த காய். மிதந்தாலும் மேல்தோல் மட்டும்தான் தண்ணீருக்கு வெளியே தெரியும். மிதக்கலாமா மூழ்கலாமா என்று யோசிப்பதுபோல் நிற்கும். அது போதும் என்று மாசி மாதம் முழுக்க நிம்மதியாக இருந்தார்.

பங்குனி பிறந்து வெயில் ஏறியது. ஒரு மத்தியானம் மூன்று மணிக்குத் தண்ணீரை மாற்றிக் காயைப் போட்டார். அது மெதுவாகக் கீழே இறங்கி, டம்ளரின் அடியில் உட்கார்ந்துகொண்டது. கந்தப்பன் டம்ளரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். கடையில் ஒருவரும் இல்லை. பின்பக்கம் டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு வந்த அன்புச்செல்வி, கையை உதறியபடி, டேங்கில் தண்ணீர் கொதிக்கிறது, கையே வைக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவள் நாற்காலிக்கு நேர் எதிரே டம்ளர். அவள் பார்வை அதன்மேல் ஒரு நிமிஷம் நின்றது.

அவர் அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்கக் கூடாது என்று நினைத்தார். ஆனால் மறுநாளும் மூழ்கியது. அதற்கு மறுநாளும். ஐந்து மணிக்கு அவள் கிளம்பிய பிறகு பார்த்தால் காய் மேலே வந்து நிற்கும். காலையில் மிதக்கும். வாசலில் பத்துப் பேர் நின்றாலும் மிதக்கும். மத்தியானம் கடையில் அவரும் அவளும் மட்டும் இருக்கையில் மூழ்கும். யோசிக்க வேறென்ன இருக்கிறது?

ஆனாலும் ஒரு வாரம் தன்னோடு சண்டை போட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பன்னிரண்டு வருஷத்துப் பிள்ளை என்று ஒரு மனசு சொல்லும். குடிபோன அன்று வாசலில் நின்று என்ன சொன்னாள் என்று இன்னொரு மனசு கேட்கும். அடியில் இன்னும் அசிங்கமான ஒன்றும் இருந்தது. சின்னான் மகள் இப்படி ஒரு வீட்டை எங்கே பார்த்திருப்பாள், ஏங்கத்தான் ஏங்கியிருப்பாள் என்று அது சொன்னது. அது அவர் அப்பா காலத்துக் குரல். அதை அவர் அடக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை.

அந்த வாரக் கடைசியில், இனியாவின் கல்லூரியில் ஏதோ கூட்டம் என்று அன்புச்செல்வி ஒருநாள் லீவு கேட்டாள். கந்தப்பன் உடனே கொடுத்தார். சோதிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. அன்று காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டு, பதினோரு மணிக்குக் கோடை மழை கொட்டித் தீர்த்தது. மூன்று மணிக்குத் தண்ணீரை மாற்றினார். காய் மிதந்தது. மாலை வரை அசையவில்லை. மழையில் தெருவே குளிர்ந்திருந்தது. கந்தப்பனுக்கு மட்டும் உடம்பெல்லாம் எரிந்தது. இனிச் சந்தேகமே இல்லை என்று முடிவு செய்தார். சந்தேகத்தையே பிழைப்பாகக் கொண்டவர், வாழ்நாளில் ஒரே ஒருமுறை சந்தேகப்படாமல் இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

நேராகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பூட்டை மாற்றப் போவதாகச் சொல்லி முதலில் சாவியை வாங்கிக்கொண்டார். பூட்டு மாறவில்லை. பிறகு கம்ப்யூட்டரைப் பின்பக்கம் பைப் அடுக்கியிருக்கும் குடோனுக்கு மாற்றினார். அங்கே காற்றும் இல்லை, டம்ளரும் தெரியாது. அப்போதும் காய் மூழ்கத்தான் செய்தது; சுவர் ஆளைத்தான் மறைக்கும், கண்ணை மறைக்காது என்று நினைத்துக்கொண்டார். அவள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் அவர் எதிரே வந்து நின்று, என்ன தப்பு நடந்தது என்று கேட்டாள். அவர் கணக்கு, வெயில், கூட்டம் என்று ஏதேதோ சொன்னார். ஆனால் பேசும்போது கண் அடிக்கடி டம்ளர் பக்கம் ஓடியது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். காயைப் பார்த்தாள். தன் நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துபோயிற்று.

"எங்கண்ணுங்களாண்ணா?" என்று கேட்டாள்.

கந்தப்பன் தலையைக் குனிந்துகொண்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம்.

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் போட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போறேனுங்க" என்றாள். கொங்கு நாட்டில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பமாட்டார்கள். அண்ணா என்பதும் அதில் இல்லை. கந்தப்பன் அதைக் கவனித்தார். கவனித்தும் நாற்காலியை விட்டு எழவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியவராகத் தண்ணீரை மாற்றினார். காய் மூழ்கியது.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. அப்படியானால் இன்னும் யாரோ இருக்கிறார்கள். மூன்று மணிக்கு டீ கொண்டுவருகிற பக்கத்து பேக்கரி ஆல்வின் நினைவுக்கு வந்தான். போன மாதம்தான் அவன் வீடு எத்தனை சதுரம் என்று கேட்டிருந்தான். டீயே வேண்டாம் என்று நிறுத்தினார். மூழ்கியது. எதிர்க்கடைக்காரர் பார்க்காதபடி வாசலில் நின்ற விளம்பர போர்டைத் திருப்பி வைத்து மறைத்தார். மூழ்கியது. கடைசியில் ஷட்டரைப் பாதி இறக்கி, யாரும் உள்ளே வரமுடியாதபடி வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டு, தனியாக உட்கார்ந்து காயைத் தண்ணீரில் விட்டார். அது அவர் கண்ணெதிரே நிதானமாக இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது.

கடையில் அவரைத் தவிர ஒரு கண்ணும் இல்லை.

அப்போது வந்த பயம் அவர் வாழ்நாளில் காணாத பயம். புது வீட்டை யார் அதிகம் பார்த்தது? தினமும் சாயங்காலம் எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்திவிட்டு, ஆசை தீரப் பார்த்துக்கொண்டு நிற்பவர் யார்? நாச்சியம்மாள் புது டைல்ஸில் நடந்துபோனதைக் கண்கொட்டாமல் பார்த்தவர் யார்? எல்லோரையும் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுக் கடைசியில் மிச்சம் நின்றது அவர்தான். அன்று வீட்டுக்குப் போனவர் மனைவியை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தட்டைப் பார்க்காமல் சாப்பிட்டார். கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்த நாச்சியம்மாள் இரண்டு நாள் இதைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் மடக்கிப் பிடித்துக் கேட்டாள். அவர் எல்லாவற்றையும் கொட்டினார். அன்புச்செல்வியை அனுப்பியதுவரை.

நாச்சியம்மாளுக்குக் கால் மட்டும் சரியாக இருந்திருந்தால் எழுந்து ஓர் அறை கொடுத்திருப்பாள். "நான் உழுந்தது ஈரத் தரையிலீங்க, எவ கண்ணுலயும் இல்லீங்க" என்றாள். பிறகு குடத்துத் தண்ணீரை டம்ளரில் ஊற்றச் சொல்லி, அவர் பையில் கொண்டுவந்திருந்த காயைப் போடச் சொன்னாள். மிதந்தது. நன்றாக முறைத்துப் பாருங்கள் என்றாள். கண்ணில் நீர் வரும்வரை முறைத்தார். அது பாட்டுக்கு மிதந்தது.

மனைவி சொன்னதை அப்படியே நம்பிவிட்டால் அவர் கந்தப்பன் அல்லவே. வீட்டில் மிதந்தது சரி, கடையில்? மறுநாள் மூன்று மணிக்குக் கடைக் குழாயில் மக்கைப் பிடித்து டம்ளரை நிரப்பினார். தன் கண் படக்கூடாது என்று இறுக மூடிக்கொண்டார். மூடியபடியே காயைப் போட்டார். கொஞ்ச நேரம் பொறுத்தார். கண்ணைத் திறக்காமல் தெரிந்துகொள்வது எப்படி? விரலை விட்டுத் தடவினார். மேலே காய் இல்லை. இன்னும் ஆழமாக விட்டார். விரல் காயைத் தொடுவதற்குள் சுரீர் என்றது. கையை இழுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தார்.

தண்ணீர் சுட்டது.

தகரக் கூரைமேல் கறுப்பு டேங்க். பங்குனி வெயிலில் மத்தியானத் தண்ணீர் கொதிக்கும் என்பது அன்னூரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். மக்கின் காதைப் பிடித்தே ஊற்றிக்கொண்டிருந்தவர் விரலை மட்டும் அதுவரை உள்ளே விட்டதில்லை. ஓடிப்போய் ஆல்வின் கடையிலிருந்து குடிதண்ணீர் கேனில் ஒரு சொம்பு வாங்கிவந்து இன்னொரு டம்ளரில் ஊற்றினார். அதே காயை எடுத்துப் போட்டார். மிதந்தது. எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டார். இறங்கியது. குளிர்ந்ததில் போட்டார். ஏறியது. மறுபடி சுடுதண்ணீரில் விட்டுவிட்டுக் காத்திருந்தார். தண்ணீர் ஆற ஆற, காயும் சூடேற, அது தானாகவே மெல்லக் கிளம்பி மேலே வந்து நின்றது. அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

சூடானால் எந்தப் பொருளும் கொஞ்சம் விரியும். ஓடி ஓடிச் சூடேறிய மோட்டாரில் பேரிங் இறுகுவது அதனால்தான் என்று தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். தண்ணீரும் விரியும், விரிந்தால் ஒரு டம்ளருக்குக் கனம் குறையும், தாங்குகிற சக்தியும் குறையும். மயிரிழையில் மிதந்துகொண்டிருக்கிற காய்க்கு அந்தக் கொஞ்சமே போதும். அன்புச்செல்வி வராத நாளில் மிதந்தது அவள் இல்லாததால் அல்ல, மழை பெய்து டேங்க் குளிர்ந்ததால். முதல் நாளே அவள் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள், தண்ணீர் கொதிக்கிறது என்று. அதையும் அவர் காதில் வாங்கிக்கொண்டுதான் அவளைச் சந்தேகப்பட்டார்.

அன்று சாயங்காலமே கிளம்பினார். ஒரு பிளாஸ்கில் டேங்குத் தண்ணீர், ஒரு பாட்டிலில் குளிர்ந்த தண்ணீர், இரண்டு கண்ணாடி டம்ளர், அந்த எலுமிச்சங்காய், சட்டைப்பையில் கடைச் சாவி. அன்புச்செல்வியின் வீடு ஊருக்கு வெளியே காலனியில் இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவர் அந்தத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பியது அதுவே முதல்முறை.

அவள் வாங்க என்றாள். நாற்காலியைப் போட்டாள். அவர் உட்காராமல், வாசல்படியில் டம்ளர்களை வைத்து, மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அந்தச் சுடுதண்ணீரில் காயைப் போட்டுக் காட்டினார். குளிர்ந்ததில் போட்டுக் காட்டினார். மழை பெய்த நாளைப் பற்றிச் சொன்னார். ஷட்டரை இறக்கியதைச் சொன்னார். கண்ணை மூடியதைச் சொன்னார். இனியா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எல்லாம் முடிந்ததும், "தப்புப் பண்ணிப்போட்டன் அம்மணி" என்று சொல்லிச் சாவியை நீட்டினார். அது நடிப்பு இல்லை.

அன்புச்செல்வி சாவியை வாங்கவில்லை. மிதந்துகொண்டிருந்த காயையே பார்த்தாள்.

"தண்ணி சுடுதுன்னு தெரிஞ்சதால வந்திருக்கீங்க. தெரியாமயே போயிருந்தா, எங்கண்ணு கெட்ட கண்ணுதானுங்களே?"

பிளாஸ்க், பாட்டில், டம்ளர் என்று எல்லாம் கொண்டுவந்தவர் இதற்கு ஒன்றும் கொண்டுவரவில்லை.

அவள் குனிந்து காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறைய எலுமிச்சை ஜூஸ். அந்தக் காயைத்தான் அறுத்துப் பிழிந்திருந்தாள். கண்ணேறுக்கு வைத்த காயை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். முச்சந்தியில் போட்டு மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். அதோடு, சின்னான் வீட்டுத் தண்ணீரைக் கந்தப்பன் வீட்டார் யாரும் இதுவரை குடித்ததும் இல்லை. இரண்டும் அவளுக்குத் தெரியும். டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள்.

கந்தப்பன் வாங்கினார். பழக்கதோஷத்தில் டம்ளர் மூக்குவரை போனது. பாதியில் நிறுத்தினார். மோந்து பார்க்காமல், கண்ணை மூடாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். உப்பும் சர்க்கரையும் போட்டு நன்றாகத்தான் இருந்தது.

அவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். அண்ணா என்று மறுபடி அழைப்பாள் என்று அவர் காத்திருந்தார். நாளைக்குக் கடைக்கு வருவதாகச் சொல்வாள் என்றும் நினைத்தார்.

"இன்னொருக்கா ஏதாச்சும் முழுகுனா, மொதல்ல தண்ணியில கைய வெச்சுப் பாருங்க. அப்பறம் ஆளப் பாருங்க" என்றாள்.

கதவைச் சாத்தவில்லை. ஆனால் உள்ளே போய்விட்டாள். கந்தப்பன் பிளாஸ்கையும் பாட்டிலையும் பைக்குள் போட்டார். வண்டியைக் கிளப்பும்போது சட்டைப்பையில் சாவி இருந்தது. தெருமுனை வரை போனவர், யாராவது கூப்பிட்டார்களா என்று வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை.